மூன்று ஞாயிறும் நான் எழுந்து நிற்கவில்லை

என் ஆசை மாப்பிள்ளை அருளப்பனுக்கு,

நாளை கல்லறைத் திருநாள். காலையில் உன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது, பாதியைக் கழுவியிருக்கும். நாளை பூசைக்கு முன்னால் இன்னொரு கை அடிக்க வேண்டும். எல்லாரும் தங்கள் ஆட்களுக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டு வருவார்கள். நான் இந்தக் கடிதத்தைக் கொண்டு வருகிறேன். நீ உயிரோடு இருந்தபோது சொல்ல வேண்டியதை இப்போது சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதே என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

முதலில் வீட்டுச் செய்தி. நீ போய் நாலு மாதம் ஆகிறது. உன் மகளுக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது. வீடு முழுக்கத் தவழ்கிறாள். அம்மாவின் ஜெபமாலை கையில் கிடைத்தால் நேரே வாய்க்குத்தான் போகிறது. மூக்கு உன் மூக்கு. தங்கச்சி எங்களோடு சாந்தோம் வீட்டில்தான் இருக்கிறாள். மூன்று வாரமாக அவளுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் வருகிறது. நாலு மணிக்கு ஆரம்பிக்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கன்னம் சிவந்து, பார்க்கிறவர்கள் “பரவாயில்லையே, முகம் தெளிஞ்சிருக்குதே” என்று சொல்லும்படி ஆகிவிடும். துக்கம் உள்ளே எரிகிறது என்கிறாள் அம்மா. மழைக்காலம் அப்படித்தான் என்கிறார் அப்பா. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்த நாலு மணியைத் தெரியும். அதை எனக்கு எழுதிக் காட்டியவன் நீ.

இந்தக் கடிதத்தைக் காலேஜ் மலரில் போடக் கொடுக்கப்போகிறேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். தங்கச்சி பெயரை எங்கும் எழுதவில்லை. உன் பெயரையும் மாற்றிவிட்டேன். அருளப்பன் என்ற பெயர் உனக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லைதான், பொறுத்துக்கொள்.

நீ போவதற்கு ஒரு வாரம் முன்னால், மந்தைவெளியில் உன் வீட்டில், நல்ல உச்சி வெயில் நேரம். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிக் கேட்டாய். உன் அம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள் என்று பாதிதான் திறந்தார்கள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். குரல் என்று ஒன்று அப்போது உனக்கு இல்லை, காற்றுதான்.

“மச்சான், மூணு ஞாயித்துக்கிழமை உன் மூஞ்சியையே பார்த்துக்கினு இருந்தேன். சாமியார் ஓலை வாசிச்சிட்டு, தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு கேட்டாரே, அப்போ. நீ எழுந்து நிப்பேன்னு நெனச்சேன். நீ நிக்கல. எல்லாம் தெரிஞ்சும் என்னை நம்பித் தங்கச்சியக் குடுத்தே. பெங்களூர்ல ஆறிப்போச்சுன்னுதான் சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். உன்ன மாதிரி ஒரு மனுசன் கிடையாது நைனா.”

நான் என்ன செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். உன் கையைத் தட்டிக் கொடுத்து, “பேசாதே, மூச்சு வாங்குது பாரு” என்றேன். ஒரு பெரிய மனிதனைப் போலத் தலையையும் ஆட்டினேன். நீ நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாய்.

அருளப்பா, எனக்குத் தெரியாது. உன் வியாதி எனக்குத் தெரியவே தெரியாது. நீ எந்தப் பெருந்தன்மைக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாயோ அது என்னிடம் இருந்ததில்லை. இருந்ததெல்லாம் முட்டாள்தனம்.

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்காகப் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், பொறு.

நாம் பி.ஏ. கடைசி வருஷம் படித்தபோது, நெஞ்சு வியாதி பார்க்கிற டாக்டர் ஒருவர் காலேஜுக்குப் பிரசங்கம் செய்ய வந்தார். விளக்கை அணைத்து, மாஜிக் லாந்தர் வைத்துத் திரையில் படம் காட்டினார். எலும்புருக்கி நோயின் கிருமி என்று சிவப்பாக, குச்சி குச்சியாக ஒன்று தெரிந்தது. பின்வரிசையில் ஒருவன் “சேமியா!” என்று கத்தினான். ஹாலே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். நீ சிரித்தாயா என்று இருட்டில் பார்க்கவில்லை.

பிரசங்கம் முடிந்ததும் டாக்டர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். படித்த பிள்ளைகளுக்கு இந்த நோயைப் பற்றி என்ன தெரியும் என்று பார்க்க வேண்டுமாம். இங்கிலீஷில் பன்னிரண்டு கேள்வி. பெயர் எழுத வேண்டாம். மாணவர் சங்கக் காரியதரிசி என்ற ஹோதாவில் தாள்களை வாங்கி அடுக்கிக் கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. வாங்கினவன் சும்மா இருப்பானா? ஒவ்வொன்றாகப் படித்தேன்.

என்ன பதில்கள்! பரம்பரை வியாதி என்று பாதிப் பேர். பரீட்சைக்குக் கண் விழித்தால் வரும், அதிகம் காபி குடித்தால் வரும், நாவல் வாசித்தால் வரும், பெண்களையே நினைத்துக்கொண்டிருந்தால் வரும். ஏழைகளுக்கு மட்டும் வரும் என்று ஒருவன். இது பாடத்தில் இல்லை என்று இன்னொருவன். நம் ஆட்களில் ஒருவன், மாதாவுக்கு ஒன்பது நாள் நேர்ந்துகொண்டால் போய்விடும் என்று மருந்தையே எழுதியிருந்தான். மயிலாப்பூரிலிருந்து வருகிற நம் சிநேகிதன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, உண்மையாகவே புரியாமல் கேட்டான்: “எங்காத்துல எச்சல், பத்து எல்லாம் பார்த்துண்டுதானே இருக்கோம். டம்ளரைத் தூக்கித்தானே குடிக்கறோம். எங்களுக்கெல்லாம் எப்படிடா வரும்?” அவனைக் கேலி செய்தேன். அவனாவது கேட்டானே.

அப்புறம் ஒரு தாள் வந்தது. பன்னிரண்டு கேள்விக்கும் பதில். உன் கையெழுத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

நோயின் முதல் அடையாளம் என்ன என்ற கேள்விக்கு நீ எழுதியிருந்தாய்: “பிற்பகல் நாலு மணிக்கு ஒரு சின்னக் காய்ச்சல். சந்தோஷம் என்று ஏமாந்துவிடலாம், அவ்வளவு லேசானது. கன்னத்தில் நிறம் ஏறும். உறவினர் உடம்பு தேறிவிட்டது என்பார்கள்.” இரவில் என்ன ஆகும் என்ற கேள்விக்கு: “தலையணை நனைந்துவிடும். திருப்பிப் போட்டுப் படுத்தால் காலையில் யாருக்கும் தெரியாது.” இருமலைப் பற்றி: “மாடிப்படியில் எந்தப் படியில் நின்று மூச்சு வாங்கினால் மேலே போய் இருமாமல் பேசலாம் என்பது மூன்றாவது வாரத்தில் பழகிவிடும்.” கடைசிக் கேள்வி, இந்நோய் உள்ளவர் எவரையாவது அறிவீரா என்பது. மற்றவர்கள் தூரத்து மாமா, வண்டிக்காரன் என்று எழுதியிருந்தார்கள். நீ எழுதியது: “அறிவேன். சொல்லிக்கொள்ள ஒரு நல்ல ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறான்.”

எந்தப் பாடப்புத்தகத்திலாவது படியும் தலையணையும் வருமா? படிப்பறிவில்லாத ஒருவர் காதில் விழுந்திருந்தால்கூட, இது பட்டவன் பேச்சு என்று உடனே சொல்லியிருப்பார். நான் இலக்கியம் படிக்கிறவன். நீயோ நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு மாதம் தவறாமல் கதை எழுதுகிறவன். ஆகவே இதையும் கதையாகப் படித்தேன். என்ன நடை, என்ன நுணுக்கம் என்று மெய்மறந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் கையில் இருந்தது ஏட்டுச் சுரைக்காய்கூட இல்லை, உண்மையான உயிர். அதற்கும் மார்க் போட்டேன்.

தாள்களை ஒப்படைத்தபோது டாக்டர் உன் தாளை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“இது யார் எழுதினது?”

“தெரியாது சார்.”

“கையெழுத்து தெரியுமா?”

“தெரியலை சார்.”

“தெரிந்தால் உடனே என்னிடம் வரச் சொல்லு. உடனே. புரிகிறதா?”

எனக்கு நன்றாகப் புரிந்ததாக நினைத்துக்கொண்டேன். அதற்கு முந்தின மாதம்தான் ஒருவனைக் காப்பி அடித்ததற்காகப் பிரின்ஸிபால் அறைக்குக் கூப்பிட்டுச் சீட்டைக் கிழித்திருந்தார்கள். இவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறானே, எந்தப் புஸ்தகத்திலிருந்து சுட்டான் என்று விசாரிக்கிறார் என்று நினைத்தேன். நமக்குள் ஒரு சட்டம் உண்டே: உயிர் போனாலும் சிநேகிதனைக் காட்டிக் கொடுப்பதில்லை. அந்தச் சட்டத்தை அன்று நான் காப்பாற்றினேன். “சங்க ரிக்கார்டுக்கு வேணும் சார்” என்று புளுகி, அவர் குறிப்பெடுத்துக்கொண்ட பிறகு, தாளையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். உன்னைக் காப்பாற்றிவிட்டதாக அவ்வளவு பெருமை எனக்கு.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் பின்னால் கடற்கரையில், ஏற்றிப் போட்டிருந்த கட்டுமரத்தில் உட்கார்ந்து உன்னிடம் சொன்னேன்.

“டாக்டர் துருவித் துருவிக் கேட்டாரு. நான் காட்டிக் குடுப்பனா? மூச்சு விடல.”

நீ கொஞ்ச நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாய். “முழுக்கப் படிச்சியா மச்சான்?”

“வரி விடாம. ரெண்டு தபா.”

“படிச்சிட்டு இன்னா தோணிச்சு?”

“இன்னா தோணும். இந்த மாதிரி ஆளு எங்க வீட்டுக்கு வந்தா நல்லா இருக்கும்னு தோணிச்சு. அப்பாவாண்ட தங்கச்சியப் பத்திப் பேசட்டுமா?”

அது விளையாட்டுப் பேச்சில்லை. வீட்டில் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள். உன்னைப் போல் அறிவாளி வேறு யார் இருக்கிறான் என்று எனக்குப் பட்டது, அன்று அந்தத் தாளைப் படித்ததும் முடிவே செய்துவிட்டேன். நீ என்னைப் பார்த்தாய். உன் கண் கலங்கியிருந்தது. பையனுக்கு வெட்கம் என்று நினைத்தேன். “யோசிச்சுதான் பேசறியா?” என்றாய். “யோசிச்சாச்சுப்பா” என்றேன்.

நீ அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது தெரிகிறது, எதற்குச் சொல்ல வேண்டும்? எழுதிக் கொடுத்தாய், நான் படித்தேன், படித்துவிட்டுப் பெண் கொடுக்கிறேன் என்கிறேன். உன் கணக்கில் எல்லாம் சொல்லியாகிவிட்டது.

அதற்கு முந்தின வருஷம் நாலைந்து மாதம் நீ காலேஜுக்கு வராமல் பெங்களூரில் மாமா வீட்டில் இருந்தாயே, அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேனா? கொஞ்சம் சதை போட்டுக்கொண்டு வந்தாய். பெங்களூர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டது என்று முதுகில் தட்டினோம்.

நம் கோயில் வழக்கம் தெரியாதவர்களுக்காக: கல்யாணம் நிச்சயமானால், மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவர்கள் என்பார். யாரும் அறிவிப்பதில்லை. அந்த நேரத்தில் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வோம். நமக்கு அது ஒரு சடங்கு. பெண்கள் பக்கத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு எழும், அவ்வளவுதான்.

உனக்கு அது சடங்காக இல்லை. மூன்று ஞாயிறும் நீ தூணுக்குப் பக்கத்திலிருந்து என்னையே பார்த்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் புருவத்தை உயர்த்திக் கிண்டல் செய்தேன். மாப்பிள்ளைக்கு அவசரம் பார் என்று பக்கத்தில் இருந்தவன் காதில் சொன்னேன். நீ தீர்ப்புக் கேட்க உட்கார்ந்திருந்தாய். நான் உட்கார்ந்தே இருந்து தீர்ப்புச் சொன்னேன், மூன்று முறை.

ஒன்று கேட்கிறேன். எனக்கு நிஜமாகவே தெரியாதா? டாக்டர் கண்ணாடியைக் கழற்றினாரே, அது காப்பியடித்தவனைப் பிடிக்கிறவர் முகமா? இப்போது நினைத்தால் அது பயந்துபோனவர் முகம். அப்போது ஏன் எனக்கு அப்படிப் படவில்லை? நல்ல மாப்பிள்ளை கிடைத்துவிட்டான் என்ற ஆசையில் உள்ளே ஏதோ ஒன்றை நானே அமுக்கிவிட்டேனோ? இதற்கு யார் பதில் சொல்வார்கள் என்று தெரியவில்லை. நீயும் இல்லை.

மீதி உனக்குத் தெரியும். ஒரு வருஷம் நன்றாக இருந்தாய். குழந்தை பிறந்த கையோடு இருமல் திரும்பிவிட்டது. உன் அம்மா முதலில் மலேரியா என்றார்கள், அப்புறம் டைபாய்டு. உன் தங்கைகள் இரண்டு பேர் கல்யாணத்துக்கு இருந்தார்கள். அந்த அம்மாவை நான் என்ன சொல்ல? அடக்கத்தன்று கோயில் வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் “டைபாய்டு, டைபாய்டு” என்று நானும் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். பரிமாறினதில் பாதி நான்தான்.

நான் இப்போது நம் காலேஜிலேயே டியூட்டராக இருக்கிறேன் அல்லவா, ஆகஸ்டு மாதத்தில் அதே டாக்டர் மறுபடி வந்தார். தலை நரைத்திருக்கிறது. அதே லாந்தர், அதே சிவப்புக் குச்சிகள். பின்வரிசையில் வேறொருவன் வேறொன்று சொல்லிக் கத்தினான், எல்லாரும் சிரித்தார்கள். தாள்களை நான் வாங்கி அடுக்கினேன். அதே பரம்பரை, அதே காபி, அதே ஏழைகள். எல்லாத் தாளும் சிரிப்பும் கேலியுமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு தாள் வந்தது. பதினொரு கேள்விக்கு ஒன்றுமே எழுதவில்லை. கடைசியில் பென்சிலில் ஒரே வரி: “யாரிடம் சொல்வது?”

அதை மறுபடி மறுபடி பார்த்தேன். கையெழுத்து யாருடையது என்று தெரியவில்லை. அடுத்த நாள் வகுப்பில், “ஒரு தாளில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், அவர் என்னை வந்து பார்க்கலாம்” என்றேன். ஐம்பது முகம் என்னைப் பார்த்தது. எதிலும் ஒன்றும் இல்லை. ஒருவரும் வரவில்லை. யார் வருவார்கள்? எல்லார் எதிரிலும் கேட்டால் எழுந்து நிற்கிற பழக்கம் நமக்கு எங்கே இருக்கிறது? அந்தப் பிள்ளை இப்போது எந்தப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறானோ. அவனுக்காகத்தான் இது மலரில் வருகிறது. தம்பி, நீ இதைப் படித்தால் டாக்டரிடம் போ. தனியாகப் போக பயமாக இருந்தால் என் அறைக்கு வா, இருவரும் சேர்ந்து போகலாம். நெஞ்சில் சளி என்று உன்னை நீயே சமாதானம் செய்துகொண்டு உட்கார்ந்துவிடாதே.

இனிச் சொல்லப்போவது உனக்கு மட்டும், அருளப்பா. மற்றவர்கள் கேட்டால் கேட்கட்டும்.

முந்தாநாள் மத்தியானம் காலேஜிலிருந்து வருகிறேன், பின்கட்டில் டொய்ங் டொய்ங் என்று சத்தம். ராயப்பேட்டையிலிருந்து பஞ்சு கொட்டுகிற சாயபுவை வரவழைத்திருக்கிறார்கள். உன் மெத்தை பிரித்துக் கிடக்கிறது. மந்தைவெளி வீட்டிலிருந்து உன் பெட்டியோடு அதுவும் வந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. முற்றம் முழுக்கப் புகை மாதிரிப் பஞ்சுத் தூசி. சாயபு வாயையும் மூக்கையும் சேர்த்துத் துணி கட்டிக்கொண்டிருந்தார். என் வீட்டார் ஒருவரும் கட்டவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து உறை தைத்துக்கொண்டிருந்தாள், சின்னதாக, நீலப் பூப்போட்ட துணியில்.

“குழந்தைக்குடா. அவங்கப்பன் படுத்த மெத்தை. அந்த நெனப்பாவது அதுக்கு இருக்கட்டும்.”

நான் பஞ்சை வாரினேன். சாயபு, “அச்சா பஞ்சு ஐயா, இலவம் பஞ்சு, வீணாக்காதீங்க” என்று கையைப் பிடித்தார். கேட்கவில்லை. உறையோடு சேர்த்துக் கிணற்றடியில் போட்டு நெருப்பு வைத்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டபோது என்ன சொன்னேன் தெரியுமா? மூட்டைப்பூச்சி என்றேன். பார்த்தாயா, அப்போதும்.

தங்கச்சி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் போன பிறகு என் அறைக்கு வந்தாள். நாலு மணி ஆகியிருந்தது. கன்னம் சிவக்க ஆரம்பித்திருந்தது.

“மூட்டைப்பூச்சியா அண்ணா?” என்றாள். “அவரு என்னாண்ட எல்லாம் சொன்னாரு. கடைசி மாசத்துல. உங்கண்ணனுக்கு அப்பவே தெரியும், தெரிஞ்சுதான் உன்னைக் குடுத்தான், அவனை மாதிரி யாரும் இல்லன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு. நான் அழல. ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

நாலு மாதமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

“எனக்குத் தெரியாதும்மா” என்றேன்.

“தாளு உன் கையிலதானே இருந்துது? நீ படிச்சவன்தானே?”

 பெட்டியைத் திறந்து உன் தாளை எடுத்தேன். நல்ல நடைக்கு உதாரணம் என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தேன் என்பதையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. பாயில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, “வாசி. தமிழ்ல சொல்லு” என்றாள்.

வாசித்தேன். நாலு மணியைச் சொன்னபோது தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தலையணையைச் சொன்னபோது, “நானும் திருப்பித்தான் போடறேன்” என்றாள், சாதாரணமாக, உப்புப் போட்டாயா என்று கேட்டால் பதில் சொல்வது போல. நான் தாளைக் கீழே இறக்கினேன். “மேல வாசி அண்ணா.”

ஒன்பதாவது கேள்வி, இந்நோய் முதலில் யாரைத் தொற்றும் என்பது. முன்னே எத்தனையோ தடவை அதைப் படித்திருக்கிறேன், எத்தனையோ பேருக்குப் படித்தும் காட்டியிருக்கிறேன். நீ எழுதியிருந்தது இவ்வளவுதான்: “தெருவில் போகிறவரை அல்ல. மடியில் இருப்பவரை.”

வாசித்த பிறகுதான் எதிரில் பார்த்தேன்.

அவள் குழந்தையின் வாயிலிருந்த தன் விரலை மெதுவாக எடுத்தாள். குழந்தையைத் தூக்கிப் பாயின் மறுகோடியில் உட்கார வைத்தாள். தான் சுவரோரமாக நகர்ந்துகொண்டாள். உன் மகள் அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு அம்மாவை நோக்கித் தவழ்ந்து வந்தாள். இவள் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். குழந்தை சேலை நுனியைப் பிடித்தது. கையை நீட்டித் தூக்கப் போனவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

“பிடி அண்ணா,” என்றாள். “சீக்கிரம் பிடி.”

பிடித்தேன். அலறியது. அன்று முழுக்க அலறியது. அம்மா வந்து என்னவென்று கேட்டபோது, இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை. அப்பாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். அம்மா அழுதாள், அப்பா என்னைப் பார்க்கவே இல்லை, இன்னும் பார்க்கவில்லை. குழந்தை இப்போது அம்மா அறையில் தூங்குகிறது. தங்கச்சி கதவுக்கு வெளியில் தள்ளி நின்று அது பால் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இருமல் வந்தால் வாசலுக்குப் போய்விடுகிறாள்.

நாளை கல்லறையில் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடிந்ததும் தங்கச்சியையும் குழந்தையையும் அதே டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போகிறேன். கபம் பார்ப்பார்கள். வரச் சம்மதித்துவிட்டாள், என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யார் எழுதினது என்று அவர் அன்று கேட்ட கேள்விக்கு நாளை பதில் சொல்வேன். சானடோரியம் என்றால் சானடோரியம், மாம்பலத்துப் பக்கம் காற்றோட்டமாக ஒரு வீடு என்றால் அந்த வீடு. ஊர் பேசட்டும். குழந்தைக்கும் வந்துவிட்டதா என்பது எனக்குத் தெரியாது. அதை எழுத எழுதப் பேனா நிற்கிறது.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். உன் மகள் வளர்ந்து, எங்கப்பா அம்மாவிடம் மறைத்துக் கல்யாணம் செய்துகொண்டாராமே என்று ஒரு நாள் கேட்பாள். ஊர் அப்படித்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கும். அன்று அவளை எதிரில் உட்கார வைத்து நான் சொல்வேன்: இல்லையம்மா, உன் அப்பா மறைக்கவில்லை. ஒன்று விடாமல் எழுதி என் கையில் கொடுத்தார். உன் மாமனுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

தெரியாமல் பெண் கொடுத்து, தெரிந்ததாகத் தலையாட்டிய,
உன் மச்சான்